தகர ஓவனுக்குள் பதினான்கு வருஷம்

1

நம் ஊர் மன்றத்தின் ஆண்டு மலருக்கு வெளியே போய் வாழ்கிறவர்களின் அனுபவம் வேண்டும் என்று செயலாளர் கடிதம் போட்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதுகிறாராம். மஸ்கட்டிலிருந்து ஒருவர் எழுதுகிறாராம். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. "கொச்சியும் வெளிதானே அக்கா" என்று கடைசி வரியில் எனக்குச் சமாதானம் சொல்லியிருந்தார்.

சங்கரன்கோவிலிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வரக் கப்பல் ஏற வேண்டாம். செங்கோட்டை வழியாக ரயில் மலைக்குள் நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிடும். கடலும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. இதெல்லாம் ஒரு வெளியூரா என்று நீங்கள் கேட்பீர்கள். போன தடவை கல்யாணத்துக்கு வந்தபோது கேட்டீர்கள்தானே. "பக்கத்திலதான இருக்க, அடிக்கடி வரக்கூடாதா?" என்றீர்கள். அதே வாயால் "மலையாளத்துக்காரி வந்துட்டா" என்றும் சொன்னீர்கள். நான் பந்தியில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

நான் எந்த ஊர்க்காரி என்று நிரூபிக்கப் போன ஜூன் மாதம் அலைந்த அலைச்சலைச் சிங்கப்பூர்க்காரர் அலைந்திருக்க மாட்டார். அவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு தகர ஓவன்.

சாதனைகளை எழுதச் சொன்னார் செயலாளர். சாதனை எதுவும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். போட்டால் போடுங்கள்.

2

என் வீட்டுக்காரர் மட்டாஞ்சேரியில் ஓர் அரிசிக் கிடங்கில் எடை போடுகிறவர். நான் எங்கள் வீட்டு முன்னறையில் காலை இட்லி போடுகிறேன். மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், நம் பக்கத்து ஆட்கள் வந்து தின்பார்கள். வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. மலையாளம் பேசுவேன். சண்டை போடும் அளவுக்குப் பேசுவேன். ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பஸ்ஸின் போர்டைப் பார்த்து ஏறுகிற வழக்கமே இல்லை. டிரைவரின் முகத்தைப் பார்த்து ஏறுவேன்.

என் மகள் கோமதி நேர் எதிர். இரண்டு வயதில் வந்தவள். மலையாளத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினாள். தமிழ் எழுத்தைப் பார்த்தால் "எறும்பு மாதிரி இருக்கு அம்மே" என்பாள். அவள் தாத்தா போடும் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஆட்கள் முன்னால் நான் மலையாளம் பேசினால் திருத்துவாள். இட்லிக்குக் காசு கொடுக்கிறவன் நான் பேசியதைப் புரிந்துகொண்டுதான் கொடுக்கிறான். இவளுக்கு மட்டும் புரியாது.

நான் பழைய வீட்டுச் சாமான் சேர்க்கிறவள். அண்டா குண்டா இல்லை. மெஷின்கள். பம்ப் ஸ்டவ், கரி போடும் இஸ்திரிப் பெட்டி, ஐஸ்கிரீம் சுற்றும் மரவாளி, முட்டை அடிக்கும் கைச் சக்கரம், வால்வு ரேடியோ. நான் வந்த புதிதில் கோட்டைக் கொச்சியில் வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சாமான்களை வாசலில் வைத்து ஏலம் போடுவார்கள். பெரிய சட்டி ஒன்று வாங்கப் போன நான் வாப்பிள் சுடும் இரும்பு ஒன்றோடு திரும்பி வந்தேன். வாப்பிள் என்றால் என்ன என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். சிலர் சீட்டு ஆடுகிறார்கள். யாரும் அவர்களைக் காரணம் கேட்பதில்லை.

ஓர் ஏலத்தில்தான் அந்தப்பன் சேட்டனைப் பார்த்தேன். கும்பளங்கிக்காரர். இறால் வளர்க்கும் கெட்டு வைத்திருக்கிறார். இளவயதில் ஆறு வருஷம் தூத்துக்குடியில் மீன் கம்பெனியில் இருந்ததால் ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். இரண்டு மர உருளைகளுக்கு நடுவே ஈரத்துணியைக் கொடுத்துச் சுற்றினால் பிழிந்து தள்ளும் மெஷின் ஒன்று ஏலத்துக்கு வந்தது. நானும் அவரும் கேட்டோம். அவருக்குக் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி திரேசாச் சேச்சியின் சுண்டுவிரல் அதில் மாட்டிக்கொண்டது. சேச்சி அன்றைக்கே அதை ஆக்கிரிக்கடையில் போட்டுவிட்டாள். இங்கே பழைய இரும்பு வாங்குகிற கடைக்கு அந்தப் பெயர். நான் அங்கிருந்து வாங்கிவிட்டேன். அந்தப்பன் சேட்டன் மூன்று முறை வந்து திருப்பிக் கேட்டார். நான் சொன்னேன்: "ஆக்கிரிக்கடை வாசலைத் தாண்டின சாமானுக்குப் பழைய சொந்தக்காரர் கிடையாது." அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அதுதான் சட்டம். சட்டம் போட்டது நான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இது அவர் வைத்தது. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனால் பழம், பலகாரம் கொண்டு போகக் கூடாது. ஒரு குப்பி மண்ணெண்ணெய் கொண்டு போக வேண்டும். ரேஷனில் அளந்து கொடுக்கிற எண்ணெய். அதைக் கொடுப்பவரைவிட மரியாதை செய்கிறவர் உலகத்தில் இல்லை. வீட்டுக்காரர் அந்த எண்ணெயில் தன் சாமான் ஒன்றை வந்தவர் கண் முன்னால் எரித்தோ ஓட்டியோ காட்ட வேண்டும். கடைசியாக வீட்டுக்கு வந்த சாமானைத்தான் காட்ட வேண்டும். அது எரிந்து முடியும் வரை வந்தவர் அதைத் தொடக் கூடாது.

எழுதும்போது கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது.

3

கோமதிக்கு நர்ஸ் பயிற்சிக்கு இண்டர்வியூ வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். சாப்பிடும்போதும் மடியில் வைத்திருந்தாள். அதன் கடைசி வரியில்தான் குத்து இருந்தது. குடும்பம் பத்து வருஷமாகக் கேரளத்தில் வாழ்கிறது என்று வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். சனிக்கிழமை இண்டர்வியூ. சான்றிதழ் இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.

வில்லேஜ் ஆபீஸ் கிளார்க்கு நல்ல மனிதர். காலையில் என் இட்லி தின்கிறவர். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் மட்டும் என்னைத் தெரியாது.

"பத்து கொல்லம் தாமஸிச்சதினு ரேக வேணம்" என்றார். பத்து வருஷம் குடியிருந்ததற்குப் பத்திரம் வேண்டுமாம்.

"ரேஷன் கார்டு இருக்கு சாரே."

"இது புதிய கார்டு. வீடு மாறியபோ எடுத்தது. ஆறு கொல்லமே ஆயுள்ளூ."

"மகள் இங்கதான் ஒண்ணாம் கிளாஸ் படிச்சா."

"ஸ்கூலிலெ ரேக?"

அந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டோம். பழைய பதிவேட்டைச் சிதல் தின்றுவிட்டது என்றார்கள். சிதல் என்றால் கரையான். காட்டவும் செய்தார்கள். அட்டை இருந்தது. உள்ளே மண் இருந்தது. என் மகள் முதல் நாலு வருஷம் படித்ததற்கு அந்தக் கரையானைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஊருக்கு ஓடினார். "அங்க கொடுக்கலைன்னா இங்க ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க, இந்த மாநிலத்துப் பிள்ளைன்னு வச்சுக்கிடுதோம்" என்று கேட்டிருக்கிறார். நம் ஊர் ஆபீசில் சொன்ன பதில்: "பதினஞ்சு வருஷமா அங்க இருக்கீங்க. இங்க எப்படிய்யா தர முடியும்?" அங்கே போனால் நாங்கள் இங்கே இருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. இங்கே வந்தால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

கோமதி அழவில்லை. மடியில் வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அப்போதுதான் ரேடியோ லைசன்ஸ் ஞாபகம் வந்தது.

4

வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததே, உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு சின்னப் புத்தகம். வருஷா வருஷம் தபாலாபீசில் வில்லை ஒட்டி முத்திரை குத்துவார்கள். அந்தச் சட்டத்தை எடுத்தபோது ஊரெல்லாம் புத்தகத்தைக் கிழித்துப் போட்டது. நான் போடவில்லை. அரசாங்கம் எடுத்த சட்டத்தை அரசாங்கமே திரும்பப் போடும் என்று எனக்கு நம்பிக்கை. என் பெயரில், மட்டாஞ்சேரி விலாசத்தில், பதினான்கு வருஷத்துக்குப் பதினான்கு முத்திரை. அதைவிடப் பெரிய பத்திரம் என்ன வேண்டும்?

அதை ஓவனுக்குள் வைத்திருந்தேன். ஸ்டவ்வின் மேல் ஏற்றி வைத்து ரொட்டி, கேக் சுடும் தகரப் பெட்டி அது. முன்னால் கண்ணாடிக் கதவு. அடியில் இரட்டைத் தகடு. அந்த இரண்டு தகடுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடம் இருக்கும். மட்டாஞ்சேரி மழையில் பெட்டியில் வைத்த துணி பூஞ்சை பிடிக்கும், அலமாரியில் வைத்த காகிதத்தைச் சிதல் தின்னும். தகரத்தைத் தின்னும் சிதல் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேக் சுடப் போவதில்லை. அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று நினைத்தேன்.

சாமான்களை அடுக்கி வைத்திருக்கும் பலகையைப் பார்த்தேன். ஓவன் இருந்த இடத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

"ஏட்டி, இங்க இருந்த ஓவன் எங்க?"

கோமதி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மை கல்யாணத்துக்குப் போயபோ என் பிரண்ட்ஸ் வந்தா. இவிடெ முழுக்க ஆக்கிரிக்கடை போல இருக்குன்னு சிரிச்சா. அதான் ஒண்ணே ஒண்ணு ஆக்கிரிக்காரருக்குக் கொடுத்தேன். வாளி தந்தார்."

"ஒண்ணே ஒண்ணா? இருவது சாமான் இருக்கு. அதுலயாட்டி கை வைப்ப?"

"அதுதான் அம்மே எல்லாத்திலும் தகரமாட்டு இருந்தது."

"அதுக்குள்ளதான் உன் சர்ட்டிபிகேட் இருந்துச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆக்கிரிக்கடைக்கு ஓடினாள். திருப்பிக் கொடுத்தால் ஓவனைத் தருவார்கள் என்று. நான் பின்னால் போனேன். கடைக்காரப் பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அது போயல்லோ. கும்பளங்ஙி அந்தப்பன் கொண்டுபோயி."

அன்று செவ்வாய்க்கிழமை.

5

புதன்கிழமை இட்லிக் கடையை மூடிவிட்டு ஒரு குப்பி மண்ணெண்ணெயோடு கிளம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் மூக்கை உறிஞ்சினான்.

"குப்பியில் எந்தா சேச்சி?"

"நல்லெண்ணெய்."

"நல்லெண்ணைக்கு இந்த மணமோ?"

"எங்க ஊர்ல இப்படித்தான் இருக்கும்."

பாண்டிக்காரர்கள், அதாவது நம் ஆட்கள், எதையும் தின்பார்கள் என்று அவனுக்கு ஏற்கெனவே அபிப்பிராயம். விட்டுவிட்டான். வள்ளத்தில் கடந்து அக்கரை சேர்ந்து, கெட்டு வரப்பில் நடந்து அந்தப்பன் சேட்டன் வீட்டுக்குப் போனேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. நேராகக் கேட்டால் என்ன ஆகும்? ஓவன் என்னுடையது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் போட்ட சட்டத்தையே எனக்குத் திருப்பிச் சொல்வார். துணி பிழியும் உருளையைக் கேட்பார். அதைவிட, என் மகளே என் சாமானைக் குப்பையில் போட்டாள் என்று அவரிடம் சொல்ல வேண்டும். திரேசாச் சேச்சி போட்டபோது நான் எவ்வளவு சிரித்தேன் என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். சாமர்த்தியமாகத் தகட்டை நீக்கிப் புத்தகத்தை உருவிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. அது வாசலிலேயே தெரிந்தது.

"ஆரு? நம்மட பாண்டிச்சியோ? வா வா! எண்ண கொண்டுவந்திட்டுண்டோ?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடணும் சேட்டா. இல்லன்னா குப்பியோட திரும்பிருவேன்."

"செல்லத்தாயி, செல்லத்தாயி. கோவிக்காதே. உக்காரு. நல்ல நேரத்துக்கு வந்தாய். ஒரு புதிய சாதனம் வந்திட்டுண்டு."

திண்ணையில் என் ஓவன் இருந்தது. எனக்குத் தெரியாத மாதிரி உட்கார்ந்தேன். அதன் தகரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தார். பத்து வருஷம் என்னிடம் இருந்தபோது நான் ஒரு நாளும் தேய்த்ததில்லை.

"இங்கிலீஷ் சாதனம்" என்றார். "ஏதோ ஒரு கழுதை ஆக்கிரிக்காரனுக்குக் கொடுத்திருக்கு. விவரமில்லாத்த கூட்டம்."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

குப்பியை வாங்கி ஸ்டவ்வில் ஊற்றினார். "இன்னைக்கு இதில் கேக். திரேசா மாவு கலக்கி வெச்சிட்டுண்டு. நீதான் முதல் விருந்துகாரி."

"எனக்குக் கேக் ஆகாது சேட்டா. அந்தச் சின்ன ஸ்டவ்வைக் காட்டுங்க போதும்."

"அது ஒக்காது. கடைசி வந்ததைத்தானே காட்டணும்?"

"துரு இருந்தாலும் இருக்கும். நான் அடித்தகட்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுதேன்."

"தொடண்டா!" என்று என் கையைத் தட்டினார். "கண்டோ. தொடண்டா. எரிஞ்சு கழிஞ்ஞிட்டு."

எரிந்து முடிந்த பிறகுதான் தொடலாமாம். பம்ப் அடித்தார். ஸ்டவ் சீறியது. நீலமாக எரிந்தது. ஓவனைத் தூக்கி அதன் மேல் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நான் உட்கார்ந்திருந்தேன். உருளையைக் கொடுக்க மனம் வரவில்லை. இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். மகளின் படிப்பு தகட்டுக்குள் சூடாகிக்கொண்டிருக்கிறது, நான் ஒரு துணி பிழியும் கட்டையை நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம் இருக்கலாம்.

அதன் பிறகு எழுந்து வெறுங்கையால் ஓவனைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அது முற்றத்தில் போய் விழுந்தது. கண்ணாடிக் கதவு சுக்குநூறாகியது. அடித்தகடு தனியாகக் கழன்று உருண்டது. பாய்ந்து போய்ப் பார்த்தேன். இரண்டு தகடுக்கும் நடுவில் எதுவும் இல்லை. சாம்பல்கூட இல்லை.

அந்தப்பன் சேட்டன் தலையில் கை வைத்து, எனக்குப் பைத்தியம் என்று கத்தினார். "இவளுக்குப் பிராந்து! கர்த்தாவே, இவளுக்குப் பிராந்து!"

"என் ஓவன் அது! உள்ள என் மகளோட சர்ட்டிபிகேட் இருந்துச்சு! லைசன்ஸ் புத்தகம்!"

சத்தம் கேட்டுத் திரேசாச் சேச்சி மாவுச் சட்டியோடு வந்தாள். உடைந்ததைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், நிதானமாகக் கேட்டாள்: "நீல அட்டையுள்ள புத்தகமோ? அது நான் எடுத்து மாதாவின்றெ படத்துக்குப் பின்னால் வெச்சிட்டுண்டல்லோ."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"எப்ப எடுத்த?" என்றார் சேட்டன்.

"கழுகியபோ. கழுகாதெ ஆரெங்கிலும் அதில் கேக் உண்டாக்குமோ? அழுக்கு! உங்ககிட்ட அன்னைக்கே பறஞ்சு. நீங்க தகரம் தேய்ச்சுக்கொண்டிருந்தீங்க. கேட்டில்ல."

பன்னிரண்டு வருஷமாக நானும் அவரும் சாமான் சேர்க்கிறோம். தேய்ப்போம், எண்ணெய் போடுவோம், எரிப்போம். ஒரு சாமானைச் சமையலுக்கு முன்னால் கழுவ வேண்டும் என்பது இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

சேச்சி என் விரல்களைத் தண்ணீரில் அமுக்கினாள். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினான்கு முத்திரையும் இருந்தன. அந்தப்பன் சேட்டன் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கிளம்பியபோதும் திரும்பவில்லை.

6

அன்று மாலையே வில்லேஜ் ஆபீசுக்கு ஓடினேன். கிளார்க்கு புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினார். முத்திரைகளை விரலால் எண்ணினார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு சொன்னார்: பதினான்கு வருஷம் ரேடியோ இங்கே குடியிருந்ததற்கு இது தெளிவு, சந்தேகமில்லை. நீங்களும் கூடவே இருந்தீர்கள் என்பதற்கு என்ன தெளிவு?

"சாரே, ரேடியோ தானா போய் முத்திரை குத்திக்கிட்டு வந்துச்சாக்கும்?"

அவர் கோபப்படவில்லை. ஒரு வழி சொன்னார். இந்தப் பகுதியில் சொந்த நிலம் உள்ள, நில வரி கட்டிய ரசீது உள்ள ஒருவர், பத்து வருஷத்துக்கு மேல் என்னைத் தெரியும் என்று நேரில் வந்து சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கு மட்டாஞ்சேரியில் எத்தனையோ பேரைத் தெரியும். எல்லாரும் என்னைப் போலவே வாடகைக்கு இருப்பவர்கள். தலைக்கு மேல் மூட்டை வைத்திருப்பவர்கள், காலுக்குக் கீழே நிலம் வைத்திருக்கவில்லை. நிலம் உள்ள ஒரே ஆளின் ஓவனை நான் மத்தியானம்தான் உடைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை இட்லி இறக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. அந்தப்பன் சேட்டன். கையில் பை.

"உடைச்சதுக்குப் பதில் வாங்க வந்தேன்" என்றார். "நியாயமல்லே?"

"நியாயம்தான். உருளையை எடுத்துக்கிடுங்க."

"உருளை வேண்டா. அது வீட்டுக்குள்ள வந்தா திரேசா வெளிய போகும்."

பலகை முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அதற்குள் விஷயத்தைச் சொன்னேன். சாட்சி வேண்டும், நாளைக்குள் வேண்டும் என்றேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கடைசியில் ரேடியோ முன்னால் நின்றார்.

"இது."

வால்வு ரேடியோ. மரப்பெட்டி. திருகினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பேசும். நாங்கள் வந்த முதல் வருஷம், யாரோடும் பேசத் தெரியாத வருஷம், இட்லி விற்றுச் சேர்த்து வாங்கியது. காலையில் அதில் தமிழ்ச் செய்தி வரும். வெந்நீர் போடும் நேரம் எனக்கு அதுதான் கடிகாரம்.

"வேற எதையாவது எடுங்க சேட்டா."

"எனக்கு இது போதும். பிறகு கையெழுத்துக்குப் போகலாம்."

கோமதி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கம்பியைக் கழற்றினேன். கொடுத்தேன். கொடுக்கும்போது நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டிய வார்த்தைகள் சிலவற்றைத் தமிழிலேயே சொன்னேன். தூத்துக்குடியில் இருந்தவர், புரிந்திருக்கும்.

7

மூன்று பேரும் வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். சேட்டன் ரேடியோவையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வழியில் யாரிடமும் விட்டுவைக்க நம்பிக்கை இல்லை.

கிளார்க்கு கேட்டார்: "இவரெ எத்ர கொல்லமாயி அறியாம்?"

"பன்னிரண்டு கொல்லம்."

"எங்ஙனெ அறியாம்?"

"இவள் கள்ளி சாரே."

கிளார்க்கின் பேனா நின்றது. "கள்ளியோ?"

"வேறு காரியத்தில் அல்ல. சாதனத்தின் காரியத்தில் மாத்திரம். என்றெ துணி பிழியுன்ன மெஷின் பத்து கொல்லமாயி இவளுடெ வீட்டில். மூணு தடவ போய்க் கேட்டு. தந்நில்ல. இன்னலெ என்றெ ஓவன் பொளிச்சு. இந்த மட்டாஞ்சேரியில் இவள் இல்லாத்த ஒரு கொல்லம் உண்டாயிருந்தெங்கில் எனக்கு எத்ர சமாதானம் கிட்டியிருக்கும்!"

பத்து வருஷம் நான் இங்கே இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சியை யாரும் சொல்லியிருக்க முடியாது. கிளார்க்கு எழுதினார். சேட்டன் நில வரி ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார். கிளார்க்கு என்னைப் பார்த்து, தாய் பிறந்த இடம் எது என்று கேட்டார். சங்கரன்கோவில் என்றேன். அவருக்குச் சரியாக வரவில்லை. இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதினார். முத்திரை விழுந்தது.

வெளியே சாயாக்கடையில் உட்கார்ந்தோம். கோமதி காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கோழி கிளறியது போலச் சுழி சுழியாக ஏழெட்டு வரி.

"படிட்டி" என்றேன். "என்னதான் எழுதியிருக்காருன்னு கேப்போம்."

படித்தாள். அவள் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம். கேரளத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பது. மலையாளத்தில் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னாள். ரேடியோ போனதிலிருந்து என்னிடம் ஒரு மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மை பிறந்த இடம், மட்டாஞ்சேரி" என்று படித்தாள்.

ரேடியோவுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி அந்தப்பன் சேட்டன் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். "மோளே, அங்ஙனெ அல்லல்லோ எழுதியிட்டுள்ளது."

"அங்கிள் மிண்டாதிரிக்கு" என்று கோமதி அவர் வாயை அடைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என்னட்டி எழுதியிருக்கு?"

"அம்மே, அது சாரமில்ல. சும்மா ஒரு வரி. இனி அம்மையை ஆரும் பாண்டின்னு சொல்லாம இருக்கட்டுமேன்னு..."

அவளுக்கு அது அன்பு என்று நினைப்பு. எனக்குத் தெரிகிறது. பதினேழு வயதில் நான் என் அம்மாவுக்கு அந்த அளவுகூடச் செய்ததில்லை. ஆனால் கட்டுப் போட்ட விரல்களில் சாயா கிளாஸ் சுட்டது, கோபமும் வந்தது. பதினைந்து வருஷமாக எல்லாரும் என் ஊரை வைத்து என்னை ஏசினார்கள். எனக்குப் பாவம் பார்த்து யாரும் அதை அழித்ததில்லை.

"உள்ளதைப் படி."

தலையைக் குனிந்துகொண்டு படித்தாள். "சங்கரன்கோவில். தமிழ்நாடு."

"இன்னொரு தடவை."

"எதுக்கம்மே?"

"சாயாக்கடைக்காரருக்குக் கேக்கல."

கோமதி தலையை நிமிர்த்தினாள். சத்தமாகப் படித்தாள்.